முப்பது வரி, பன்னிரண்டாயிரம் பொருள்

பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருள் அறைக்குச் சித்தப்பாதான் எழுத்தர். பதினெட்டு வருடமாக அவர் பதிந்துவைத்த பன்னிரண்டாயிரம் பொருள்களையும் கணினித் திரையில் ஒரே பட்டியலாகக் காட்டும் மென்பொருளை அவருடைய அண்ணன் மகள் அன்று மதியம்தான் நிறுவி முடித்தாள்.

"முப்பது வரிதானே தெரியுது? மீதி எங்கே? தொலைஞ்சு போனதையே தொலைச்சுட்டியா நீ?"

"எல்லாத்தையும் ஒரேயடியா ஏத்தினா கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்னுடும் சித்தப்பா. கண்ணுக்குத் தெரியற முப்பதை மட்டும்தான் எடுக்கும். உருட்ட உருட்ட, அதே முப்பது வரியில அடுத்த ஆளுங்க வந்து உக்காருவாங்க."

"அட, நம்ம பஸ் சீட்டு மாதிரி!"

அப்போது ஓர் இளம்பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அக்கா, என் கிளாரினெட்டைத் தம்பி பஸ்ல விட்டுட்டான். இன்னைக்குத்தான் வாயைத் திறக்கறான். எப்போன்னு கேட்டா ரெண்டு மாசமோ ரெண்டு வருஷமோங்கற மாதிரி முழிக்கறான். நாலு மணிக்கு நிகழ்ச்சி. வாசிக்கிறவருக்குக் காய்ச்சல்னு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. எனக்கு முதல் மேடை!"

மணி மூன்று. பின்னால் கூரைவரை மூட்டைகள்; ஒவ்வொன்றின் மேலும் வெறும் எண். எண் தெரியாமல் எதையும் எடுக்க முடியாது.

'கிளாரினெட்' என்று தேடினாள் அண்ணன் மகள். இல்லை. 'வாத்தியம்.' இல்லை. 'கறுப்புப் பெட்டி.' அதுவும் இல்லை. வந்தவளின் முகம் சுருங்கிப்போனது.

"என்ன பேர்ல எழுதித் தொலைச்சீங்க சித்தப்பா?"

"பேர் தெரியாத சாமானுக்கு, பாத்ததும் என்ன தோணுச்சோ அதை எழுதுவேன்."

"அப்போ கண்ணாலதான் தேடணும்."

அண்ணன் மகள் மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். எங்கும் திக்காமல், மேல்நோக்கி ஓடும் ஆறுபோலப் பட்டியல் நழுவியது. மூவரும் தலையோடு தலை சேர்த்துப் படித்தார்கள்.

இடது செருப்பு. ஜோடிக்கு ஏங்குகிறது.

பல் செட். சிரித்த முகம்.

குடை. என்னுடையதைவிட நல்லது.

காதல் கடிதம். படிக்கவில்லை. உருக்கமானது.

"படிக்கவே இல்லையாக்கும்?"

"கண்ணுல பட்டுது, விடேன்!"

வந்தவளும் அவசரத்தை மறந்து சிரித்தாள். சிரித்தபடியே, "நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

கறுப்புக் குழாய், ஐந்து துண்டு. பாவம், யாரோ பிளம்பர்.

"பிளம்பரா!"

சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். மூட்டை இறங்கியது, பெட்டி திறந்தது, ஐந்து துண்டுகளும் ஒன்றாயின. "சத்தம் வருதான்னு பாத்துடறேன்" என்று வந்தவள் ஊதினாள். முதலில் வெறும் காற்று. பிறகு ஒரு நீண்ட சுரம் சன்னல் வழியே வெளியே போனது. புறப்பட இருந்த பேருந்தின் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"எங்கேம்மா போகணும்?"

"கலையரங்கம்! நாலு மணிக்குள்ள!"

"ஏறு, ஏறு. வழியெல்லாம் வாசிச்சுட்டு வரணும், ஆமா."

அவள் தாவி ஏறினாள். பேருந்து நகர்ந்தது, பாட்டும் நகர்ந்தது.

"கையெழுத்து! வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடலையே!" சித்தப்பா ரசீதை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். நடத்துநர் கையை நீட்டி அவரையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.