நெரெய்தா டீச்சரின் பேட்டரி

நெரெய்தா டீச்சர் ரிப்பேர் கடைக்குள் நுழையும்போதே, “வரிசையில கடைசி ஆள் யாருப்பா?” என்று குரல் கொடுத்தாள். காலிக் கடையாக இருந்தாலும் அதைக் கேட்காமல் நுழைய பயாமோ ஊர் ஜனங்களுக்குத் தெரியாது. உள்ளே கடைக்காரன் யோஸ்வானியைத் தவிர ஒருவரும் இல்லை. அவளுக்குப் பின்னால் அவள் கணவர் ஃபெர்மின், லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போலீஸ் கூட்டி வந்த ஆள் மாதிரி வந்து நின்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே லேப்டாப் மூடியின் கீல் உடைந்து வந்தது. யோஸ்வானி கீலைச் சரிசெய்தான். கூடவே, டீச்சரின் தங்கை மயாமியிலிருந்து அனுப்பியிருந்த புதுப் பேட்டரியை உருவிக்கொண்டு, அதே மாதிரிப் பழையது ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டான். உருவிய பேட்டரி இப்போது திரைக்குப் பின்னால் ஒரு சின்ன விசிறியோடு கம்பி போட்டுக் கட்டியபடி, அவனுடைய நான்கு மாதக் குழந்தைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லாத ஊர். குழந்தையின் முதுகெல்லாம் வேர்க்குரு. அதைச் சொல்லித்தான் தன் மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தான். திருட்டுக்கு வைக்க அதைவிட நல்ல பெயர் அவனுக்குக் கிடைக்கவில்லை.

“சார்ஜே ஏற மாட்டேங்குது தம்பி. வயரைப் பிடுங்கினா உடனே அணைஞ்சுடுது. பண்ணினது யார் தெரியுமா? இந்த மகராசன்தான்! ஏசி போடற பிளக்ல, இருநூத்து இருபதுல, கொண்டுபோய்ச் சொருகியிருக்கார்.”

“ஒரே ஒரு தடவைதான்...” என்றார் ஃபெர்மின்.

“ஒரு தடவையாம், கேட்டுக்க! பத்து நாளா நான் இவர்கிட்ட பேசறதில்ல. காப்பிகூட அவரேதான் போட்டுக்கறார்.”

வீட்டுக்கு வீடு நூற்றுப்பத்து வோல்ட்டுக்கு ஒரு பிளக், இருநூற்று இருபதுக்கு ஒரு பிளக் இருக்கும் ஊர் அது. எது கெட்டாலும் பழி இருநூற்று இருபதின் மேல்தான். ஆனால் லேப்டாப் சார்ஜர் இரண்டையும் தாங்கும். சார்ஜரின் அடியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். யோஸ்வானிக்கு அது நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் சோதிப்பது போல நடித்தான். பிளக்கை மாற்றிப் பார்த்தான். வேறு சார்ஜர் போட்டான். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆன் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தான். முனைகளை ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினான். விடை தெரிந்த பரீட்சையை வியர்க்க வியர்க்க எழுதினான்.

“பேட்டரி போயிடுச்சு டீச்சர்.”

“அப்போ இருநூத்து இருபதாலதானே?”

ஃபெர்மின் அவன் முகத்தையே பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் வீட்டில் நிம்மதியாகக் காப்பி குடிப்பார்.

“இருக்கலாம்,” என்றான் யோஸ்வானி. சொன்ன வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

ஃபெர்மின் தலையை ஆட்டினார். “என் தப்புதான். வயசாயிடுச்சு, புத்தி மழுங்கிடுச்சு. விடு நெரெய்தா.”

அப்போது கரண்ட் போனது. எதிர்வீட்டு ரேடியோ நின்றது. தெருவே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு அடங்கியது. திரைக்குப் பின்னால் விர்ரென்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

“அடேங்கப்பா! கரண்ட் இல்லாமலே குழந்தைக்குக் காத்து வருதா?” டீச்சருக்கு ஒரே பெருமை. “கெட்டிக்காரன்டா நீ! எதுல ஓடுது?”

மோட்டார் சைக்கிள் பேட்டரி என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். கெட்டுப்போன சாமானோடு அலைந்தவர்களையெல்லாம், ‘யோஸ்வானிகிட்ட போங்க, யோக்கியன்’ என்று அனுப்பி வைத்தவளே அவள்தான். ஆனால் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு நின்ற ஃபெர்மினுக்கு முன்னால் இரண்டாவது பொய் வரவில்லை.

“உங்க பேட்டரியில, டீச்சர். கீல் மாட்ட வந்தப்போ மாத்திட்டேன். அவர் ஒண்ணும் பண்ணல. நான்தான்.”

டீச்சர் கணவர் பக்கம் திரும்பி, “என்னை மன்னிச்சுக்குங்க,” என்றாள். கடைக்காரன் எதிரில், தெருவுக்கே கேட்கும்படி. யோஸ்வானி கூனிக் குறுகிப் போனான். அவள் நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

“இப்பவே எடுத்து மாட்டுங்க,” என்றாள் அவனிடம். இதுவரை வா, போ என்று கூப்பிட்டவள். “நான் இங்கேயே உட்கார்ந்து பார்க்கறேன்.” ரசீதுகூடக் கேட்காமல் சாமானை வாரக்கணக்கில் விட்டுப் போகிறவள், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

அவன் திரைக்குப் பின்னால் போய்க் கம்பியைப் பிடுங்கினான். விசிறி நின்றது. பேட்டரியோடு மேசைக்கு வருவதற்குள் குழந்தை விழித்து வீறிட ஆரம்பித்தது. மனைவி ரொட்டி வரிசையில் நிற்கிறாள், வர நேரமாகும். டீச்சரின் கண் அவன் கையை விட்டு நகரவில்லை. எழுந்து போவதா, மாட்டுவதா என்று தெரியாமல் திகைத்தான்.

ஃபெர்மின் மூலையில் கிடந்த பெட்டியிலிருந்து ஒரு அட்டையைக் கிழித்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் திரைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது.

“அவசரப்படாம மாட்டு தம்பி,” என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. “நான் வீசிட்டிருக்கேன்.”

யோஸ்வானி தலையை நிமிர்த்தவே இல்லை.