ஆபீஸ் வாசலில் ஓர் ஆந்தை

மருந்து எஸ்டேட் கொடுத்தது. மரத்தடியில் வைத்தது என் கைதானே. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

லோகேஸ்வரி யாரிடமும் சொல்லவில்லை. மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் எலி மருந்து வைப்பது எட்டு வருடமாக அவள் வேலை. எலி பிடிக்கட்டும் என்று ஆந்தைகளுக்குக் கம்பத்தின் மேல் பெட்டி கட்டிக் கொடுத்ததும் அதே தோட்டம்தான். மருந்து தின்ற எலியை ஆந்தை தின்றது. போன மாதம் ஒரு பெட்டிக்குக் கீழே தாயும் மூன்று குஞ்சுகளும் கிடந்தன. வேலை வாங்கும் மண்டோர் குழி தோண்டி மூடச் சொன்னார், மூடினாள். அன்றிலிருந்து சோறு பிசையும்போது கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தீபாவளி விருந்துக்கு ஆபீஸ் வாசலில் அரிசிக் கோலம் போடுவதும் அவள்தான். வருடா வருடம் மயில். இந்தத் தோட்டத்தில் மயிலை யார் பார்த்தார்கள்? இந்த முறை சாயமேற்றாத வெள்ளை அரிசியில் வெற்றிலை வடிவ முகம் ஒன்று, மூடிய கண்களோடு வந்தது. பழுப்பும் மஞ்சளுமாய் இறக்கை விரிந்தது. சுற்றிலும் நீல அரிசியில் சின்னச் சின்னக் கட்டங்கள்; எலி மருந்துக் கட்டியின் அளவு, அதே நிறம்.

கூட அரிசி தூவிய கலாவதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா சாக்குருவியா? லட்சுமி பாத்தா லோரி ஏறி ஓடிருவா லா."

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி திருச்செல்வம் வந்தார். நீல பார்டர் ஜோராக இருக்கிறதென்றார். பத்து மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் வந்து படம் எடுப்பார்கள், ஒரு தோகை வைத்து மயிலாக்கிவிடு என்றார். அவள் நீலக் கட்டங்களில் இன்னும் அரிசி தூவினாள். பார்டரை இன்னொரு தரம் பார்த்தவருக்கு முகம் மாறியது. வேலைக்கு ஆள் பெயர் எழுதுவது தான்தான் என்பதை மெதுவாக நினைவுபடுத்தினார். பிறகு அவரே இறங்கி வந்தார்.

"சரி, ஆந்தையே இருக்கட்டும். கண்ண மட்டும் தொறந்து விடும்மா. ரெண்டு சிட்டிகை கறுப்பரிசி. அவ்வளவுதான் லா."

தட்டை நீட்டினார். எவ்வளவு சின்னதாகக் கேட்கிறார் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. இரண்டு சிட்டிகை போதும்; எல்லாரும் ரசித்துவிட்டு முறுக்கு தின்னப் போய்விடலாம்.

அவள் தட்டை வாங்கவில்லை.

"முடியாதுங்க சார்," என்றாள், குரலை உயர்த்தாமல். "அது செத்துப்போச்சு."