அடைத்த ஊற்று

துளை இயந்திரத்தை இடுப்பால் முட்டுக்கொடுத்து நெட்டையன் கல்குவாரியின் பாறைச் சுவருக்குள் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தான். கிழக்கு இப்போதுதான் வெளுத்திருந்தது. அதிர்வு முழங்கையில் ஏறி, தோளில் உட்கார்ந்து, பற்களைக் கிட்டவைத்தது. மற்ற நாட்களில் கம்பி ஒரு சாண் இறங்குவதற்குள் வெள்ளைத் தூசி பொங்கி அவன் முகத்தில் மாவு அப்பிவிடும். இன்று தூசியே இல்லை. கம்பியைச் சுற்றிச் சேறு கசிந்தது. உருவியதும் துளையிலிருந்து தண்ணீர் விர்ரென்று பீய்ச்சி அவன் நெஞ்சில் அடித்தது.

"என்ன மச்சான், பாறைக்கு மூக்கு ஒழுகுதா?" என்றான் வெடிக்காரன். நெட்டையனின் மனைவிக்குத் தம்பி. வெடிமருந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டே பீடிக்குத் தீக்குச்சி தேடுகிற ஆள்.

நெட்டையன் சிரிக்கவில்லை. கடப்பாரையை எடுத்துச் சுவரில் தட்டினான். உறுதியான பாறை கணீரென்று பதில் சொல்லும். இது பொத்தென்றது. தள்ளிப்போய்த் தட்டினான். அங்கும் பொத்து. வெடிக்காரன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து நின்றான்.

இருவர் கண்களும் சுவரின் ஓரத்தில் இருந்த சிமெண்டுத் திட்டுக்குப் போயின. அங்கேதான் ஊற்று இருந்தது. கோடையிலும் வற்றாத ஊற்று. குடிக்கவும் குளிக்கவும் அதுதான். ஆனால் கல் வெட்டும் குழி நிறைந்துவிடும். தண்ணீர் இறைக்கிற நாளில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. எத்தனை நாள்தான் வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கிடப்பது? சென்ற மழைக்குப் பிறகு இவர்களே கூடிப் பேசி, பெண்கள் கலவை குழைக்க, ஆண்கள் கல் திணிக்க, ஊற்றின் வாயை அடைத்தார்கள். முதலாளி அன்று முதுகில் தட்டிக்கொடுத்தார். குழி காய்ந்தது; வேலை ஓடியது. போக வழியில்லாத தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மலைக்குள்ளேயே நின்று, வெடிப்பு வெடிப்பாக நிரம்பி, சுவரை உள்ளிருந்து நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

சுவரின் அடியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள் பெண்கள். அவர்களுக்கு நடுவில் அவன் மனைவி. சுவருக்கு எதிரே, குழியின் தாழ்ந்த விளிம்பை ஒட்டி அவர்களுடைய தகரக் குடிசைகள்.

"எல்லாரும் மேல ஏறுங்க!" நெட்டையன் கத்தினான். "கூடையைப் போட்டுட்டு ஏறுங்க!"

முதலாளியின் ஜீப் வரும்போது ஒரு கூடைகூட அசையவில்லை. வேலைக்காரர்கள் மேட்டில் நின்றார்கள்.

"என்னய்யா, கல்யாணத்துக்குக் கிளம்பிட்டீங்களா?"

"சுவர் நிக்காதுங்க. அடைப்பை உடைச்சுத் தண்ணியை வெளிய விடணும்," என்றான் நெட்டையன்.

"விட்டா குழி முழுகும். வாரக்கணக்கா வேலை நிக்கும். இன்னைக்கு வெடி வைங்க. சுவர் சரிஞ்சதும் கல்லை அள்ளிட்டு, அப்புறம் தண்ணியைப் பார்க்கலாம்."

"சரிஞ்சா குடிசை மேலதான் சரியும்."

"தகரம்தானே? புதுசு வாங்கித் தரேன்." குரலைத் தணித்தார். "நகரத்துல பாலம் பாதியில நிக்குது. மலையை உடைச்சுத்தான் மனுஷன் குகையை விட்டு வெளிய வந்தான். நாகரிகம்னா சும்மாவா?"

நெட்டையனின் மனைவி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். "குகை விழப்போகுதுன்னு தெரிஞ்சா அவனும் ஓடித்தான் வந்திருப்பான், முதலாளி. நீங்க எங்களை உள்ள போகச் சொல்றீங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் முகம் சுண்டியது. "நீங்க இல்லேன்னா ஆள் இல்லையா? பால வேலைக்குன்னு சொல்லிவிட்ட ஆளுங்களோட லாரி பின்னாலயே வருது."

வந்தது. சாமான் மூட்டைகளோடு வெளியூர்க்காரர்கள் இறங்கினார்கள். கண்ணில் தூக்கம், வயிற்றில் பசி. அவர்களை அழைத்துவந்தவன் ஒரு மொட்டைத்தலைக்காரன். ஒரு காது வெடியில் போனவன்.

வெடிக்காரன் சம்மட்டிக் காம்பை இறுக்கிப் பிடித்தான். "சோத்துல மண்ணு போட வந்துட்டானுங்க, மச்சான்."

"கையைக் கீழ போடுடா. அவங்க மேலயும் அதே கல்லுதான் விழும்."

நெட்டையன் மொட்டைத்தலையனை அழைத்துப் போய்த் துளையைக் காட்டினான். "கையை வையுங்க அண்ணே."

அவன் உள்ளங்கையால் துளையை மூடினான். தண்ணீர் அந்தக் கையை எட்டித் தள்ளியது. அழுத்தினான். மறுபடியும் தள்ளியது. மலைக்குள் எங்கோ ஆழத்தில் ஏதோ முறுகுவதுபோல ஓசை கேட்டது. அவன் கையை எடுத்து, சுவரை அண்ணாந்து பார்த்து, பிறகு குடிசைகளைப் பார்த்தான். ஒரு கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மூட்டையைப் பிரிக்காதீங்க!" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான். "பொம்பளைங்க அந்தக் குடிசைச் சாமானை மேட்டுக்குத் தூக்குங்க. ஆம்பளைங்க சம்மட்டியோட வாங்க."

"கூலி கிடையாது! போலீசைக் கூப்பிடுவேன்!" முதலாளி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"கூப்பிடுங்க," என்றாள் நெட்டையனின் மனைவி. "வரும்போது ஆளுக்கொரு சம்மட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அடைப்பின் எதிரே, தோள் அகலமே உள்ள பாறை மேடையில் ஏறும்போது நெட்டையனுக்கு முதலாளி சொன்ன பாலமும் நகரத்து அடுக்குமாடிகளும் மனதில் வந்தன. அவன் அறுத்த கல் எத்தனையோ பேருக்குக் கூரையாகியிருக்கிறது. தலைமேல் எதுவும் விழக்கூடாது என்றுதானே மனிதன் முதல் கூரையைப் போட்டான்? அதற்குத்தானே இவ்வளவும்? எந்த இடத்தில் அது தலைகீழாகப் போனது?

யோசிக்க நேரமில்லை. முதல் அடியில் சிமெண்டு சிராய்த்தது, அவ்வளவுதான். வலுவாகத்தான் அடைத்திருந்தார்கள்; தங்கள் வேலையின் தரத்தை எண்ணி வெடிக்காரன் தன்னையே வைதுகொண்டான். நெட்டையன் ஓர் அடி, மொட்டைத்தலையன் ஓர் அடி. கை சோர்ந்தவன் இறங்க, அடுத்தவன் ஏறினான். யார் பழைய ஆள், யார் புது ஆள் என்று தூசியில் தெரியவில்லை. மேலிருந்து சரளை உதிர்ந்து தோள்களில் விழுந்தது. குடிசைப் பக்கம் பெண்கள் வரிசையாக நின்று பாத்திரம், பாய், குழந்தை என்று கைமாற்றினார்கள்.

சிமெண்டில் ஒரு கீறல் விழுந்தது. அதில் ஈரம் மினுங்கியது. சுவர் மறுபடியும் முறுகியது. இம்முறை எல்லோருக்கும் கேட்டது. சம்மட்டிகள் நின்றன.

"எது முதல்ல வரும்?" மொட்டைத்தலையன் மூச்சு வாங்கக் கேட்டான். "தண்ணியா, மலையா?"

"தெரியலை அண்ணே." நெட்டையன் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு ஒதுங்கி இடம் விட்டான். "அடுத்த அடி உங்களோடது. போடுங்க."