கறுத்துப்போன இருபத்திரண்டு ஈசிஜி

“கடைக்காரன்கிட்ட கேட்டுட்டுத்தான் குடுத்தேன், தாளுக்கு ஒண்ணும் ஆகாதேன்னு—”

“அவனைக் கேட்ட. என்னைக் கேட்டியா?”

“உங்களை எங்க பிடிக்கிறது? ஏழு மணிக்குக் கிளம்பினா—”

“போன் இருக்குல்ல.”

“எடுத்தாத்தானே.”

சாப்பாட்டு மேசை மேல் இருபத்திரண்டு ஈசிஜி தாள்கள் கிடந்தன. பளபளக்கும் பிளாஸ்டிக்குக்குள் எல்லாமே கரியாகக் கறுத்திருந்தன. சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. இயந்திரம் இதயத்தின் கோட்டைச் சூட்டால்தான் அதில் வரைகிறது. லேமினேஷன் கடையிலும் சூட்டில்தான் ஒட்டுகிறார்கள். முப்பத்தாறு வருடமாக இதய மருத்துவராக இருப்பவருக்கு இது தெரியும். கோடெல்லாம் மங்குகிறதே என்று அவர் ஆறு மாதமாகப் புலம்பியதைக் கேட்டுக் கடைக்குப் போன மனைவிக்குத் தெரியாது.

“நகல் எடுத்து வெச்சிருக்கலாம். ஜூனியர்களை இதுக்காகவே எத்தனை தடவை திட்டியிருக்கீங்க.”

“நேரம் எங்க இருந்துச்சு.”

அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் ஓய்வு. அதற்குள் ஈசிஜி பிறந்து வளர்ந்த கதையைப் புத்தகமாக முடித்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்திருந்தார். அதில் போடத்தான் இந்தப் பழைய தாள்களை எடுத்து வைத்திருந்தார்.

“அந்தக் காலத்துல ஈசிஜி எடுக்க உப்புத்தண்ணி வாளிக்குள்ள கையையும் காலையும் விட்டுக்கிட்டு உக்காந்தவங்களைப் பத்தி நாப்பது பக்கம் எழுதியாச்சு. பாவம், நெஞ்சுவலியோட சளியும் பிடிச்சிருக்கும்,” என்றாள்.

வேறு நாளாக இருந்தால் இருவருமே சிரித்திருப்பார்கள்.

அவள் ஒரு தாளை உருவித் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. அவருடைய கோழிக்கிறுக்கலில் அவள் தம்பியின் பெயர், வயது முப்பத்தெட்டு. கீழே, ‘நார்மல்’.

நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று வந்தவனைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான். மறுநாள் காலை குளியலறையில் விழுந்தவன் பிழைக்கவில்லை. ஈசிஜி சுத்தமாக இருந்தது, யார் பார்த்திருந்தாலும் அனுப்பித்தான் இருப்பார்கள் என்று பத்தொன்பது வருடமாக அவளிடம் சொல்லிவந்தார். அவளும் சரி என்றுதான் இருந்தாள்.

“நேத்து உங்க மேசையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். இது அழிஞ்சுடக் கூடாதுன்னுதான் மொத்தத்தையும் அள்ளிட்டுப் போனேன். வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்னு.”

“காட்டியிருக்கலாம்,” என்றார். குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

“இனிமே யார்கிட்ட காட்ட. நானே கரியாக்கிட்டேன்.” அவள் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். “இதை எந்த இடத்துல போடறதா இருந்தீங்க?”

“கடைசி அத்தியாயத்துல.”

“அது எதைப் பத்தி?”

“இன்னும் எழுதல.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. அவள் அந்தத் தாளை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“சுத்தமா இருந்த ஈசிஜியை எதுக்குங்க பத்தொன்பது வருஷம் எடுத்து வெச்சிருந்தீங்க?”