அன்னாசிக்குப் போட்ட சாம்பிராணி

பஞ்சவர்ணத்துக்கு ஐம்பத்திரண்டு வயதில் சொந்த வீடு கிடைக்கப்போகிறது, அதுவும் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில். புருஷனை விட்டு வந்ததிலிருந்து பதினெட்டு வருஷமாகத் தோ பாயோவில் தம்பி வீட்டு ஓர அறையில் காலத்தை ஓட்டியவள். ஜூனில் சாவி. சும்மா இருப்பாளா? அதிர்ஷ்டம் உருண்டு வரும் என்று புது வீட்டுக்குள் முதலில் அன்னாசிப்பழத்தை உருட்டிவிடுவது சீனர் வழக்கம். நம்ம ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். இவள் ஒரு படி மேலே போய், தன் கையால் வளர்த்த பழத்தைத்தான் உருட்டுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டாள்.

செடியோ மகா அழுத்தம். அன்னாசிப்பழத்தின் கொண்டையை நட்டு இரண்டு வருஷம் ஆச்சு. காரிடாரில் போகிறவர் வருகிறவர் காலைக் கீறுகிறதே தவிர, ஒரு பூவைக் காணோம்.

“தேக்கா மார்க்கெட்டுல ஒண்ணு வாங்கி உருட்டுங்கக்கா, வீடு கோவிச்சுக்காது லா,” என்பான் பக்கத்து வீட்டு நசீர். பழக்கிடங்கில் வாழைத்தார்களைப் பழுக்க வைக்கிற வேலை அவனுக்கு.

“வாங்கத் தெரியாமலா இருக்கேன்? எனக்குன்னு நான் உண்டாக்கினது ஒண்ணாவது வேணாமா?”

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. வாசலுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, சட்டியைச் செடி ஓரமாக வைத்தாள். அந்த நேரம் பார்த்து மழை சாய்ந்து அடித்தது. பதறிப்போய்ச் செடிமேல் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திவிட்டு வேலைக்கு ஓடினாள். புகைகிற சட்டியும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. மனுஷி மறந்தே போனாள்.

சாயங்காலம் விலக்கினால், ஒரே புகை நாற்றம். இலை நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. “கொன்னுட்டேனே, என் கையாலயே கொன்னுட்டேனே!” என்று காரிடாரிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பிப்ரவரியில் ஒருநாள் நசீர் கதவைத் தட்டினான். “அக்கா, ஓடி வாங்க!” குருத்துக்கு நடுவில் சிவப்பாக ஒரு மொட்டு!

“உங்க புகைதான்கா. அதுல எத்திலீன்னு ஒரு வாயு இருக்கு. செடியே தனக்குள்ள சுரக்கிறதுதான். கிடங்குல அதை விட்டாத்தான் எங்க வாழைக்காய் பழமாகும். அன்னாசிக்கு அது பட்டா, பூக்கச் சொல்லி உத்தரவு.”

“அடப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா ரெண்டு வருஷம் வேடிக்கை பாத்தே?”

“சத்தியமா வாழையைத்தான் தெரியும். அன்னாசி சமாச்சாரம் இப்பத்தான் போன்ல பாத்தேன்!”

சாவி கைக்கு வந்த அன்று காய் கெட்டிப் பச்சை. கத்தியும் கையுமாக நின்றாள்.

“வேணாங்கா. வாழை மாதிரி இல்ல இது. அறுத்தா தோல் வேணும்னா மஞ்சளாகும், இனிப்பு ஏறாது. இன்னும் ஒரு மாசம் செடியிலயே இருக்கணும்.”

“மறுபடி புகைமூட்டம் போட்டா?”

“எத்தனை மூட்டம் போட்டாலும்தான்.”

ஊரெல்லாம் சொல்லிவைத்தாளே! காயை ஒருமுறை தடவிவிட்டுக் கத்தியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

நசீர் கிடங்கிலிருந்து தள்ளுவண்டி கொண்டுவந்தான். குவீன்ஸ்டவுனில் பதினோராம் மாடி. தொட்டியோடு, செடியோடு, பச்சைக் காயோடு வண்டியைப் புது வாசலில் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். சக்கரம் நாலும் கடகடவென்று வெறும் வீட்டுக்குள் உருண்டன.

“உருட்டியாச்சுக்கா!” என்று நசீர் கைதட்டினான்.

பஞ்சவர்ணம் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “ஆற அமரப் பழு தாயி,” என்றாள் செடியிடம். “இங்கருந்து யாரும் நம்மளக் கிளம்பச் சொல்ல மாட்டாங்க.”