கசோலோவின் தொப்புள்கொடி

எங்கள் நாட்டில் அரசன் செத்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அரண்மனை வாசலில் எந்நேரமும் எரியும் நெருப்பை அணைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். குழந்தை அரசன் கொலோபாவுக்காக அதை அணைத்தபோது, அவனுக்குப் பால்பல்கூட விழத் தொடங்கியிருக்கவில்லை, கண்ணுகளா.

காய்ச்சல் என்றார் அமைச்சர் செபுவாத்தோ. இருக்கலாம். ஏரிக்கரையில் காய்ச்சலுக்கா பஞ்சம்? ஆனால் பெற்றவள் நந்தவுலாவுக்கு மனம் ஆறவில்லை. அரசன் சிறுவனாக இருக்கும்வரை நாட்டை ஆள்பவர் அமைச்சர். சாவதற்குச் சற்று முன்புதான் பிள்ளை சபையில், "மாமா, தீர்ப்பு நான்தானே சொல்லணும்? நீங்க ஏன் முந்திக்கிறீங்க?" என்று கேட்டிருந்தான். சபையே சிரித்தது. செபுவாத்தோவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

அவன் குடித்த கஞ்சியைச் சமையல்காரி ருசி பார்த்தாள். அவள் நன்றாகத்தான் இருந்தாள். அப்படியானால் குடுவையிலா? வாய் துடைத்த துணியிலா? நந்தவுலாவால் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை, யாரையும் நம்பவும் முடியவில்லை.

அடுத்த வாரிசு அவளுடைய கைக்குழந்தை கசோலோ. அவன் இல்லையென்றால் சிற்றப்பன் டம்பா, தாடி வைத்த ஆள், யார் சொல்லும் கேட்காதவன். அமைச்சருக்கு வேண்டியது கைக்குழந்தை. இன்னும் சில வருடம் ஆளலாம். பேச்சு வந்து இவனும் கேள்வி கேட்டால்? இன்னொரு காய்ச்சல்.

அரச வித்துதானா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. குழந்தையின் தொப்புள்கொடியைத் தாய் காயவைத்து, மரப்பட்டைத் துணியில் சுற்றித் தைத்து வைப்பாள். பாலும் தண்ணீரும் வாழைப்பழ மதுவும் கலந்த பாத்திரத்தில் அதைப் போடுவார்கள். மிதந்தால் அரசன் பிள்ளை. மூழ்கினால் தாய் கெட்டுப்போனவள். வெண்ணெய் தடவினால் மிதக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். அதனால் எல்லாமே மிதந்தன.

நந்தவுலா தையலைப் பிரித்தாள். இரும்புத் துணுக்குகளை உள்ளே திணித்து மறுபடி தைத்தாள்.

சடங்கன்று காலையில் அமைச்சரின் தங்கை நகாயிமா வெண்ணெயோடு வந்துவிட்டாள்.

"கொடியக் குடு தங்கச்சி. நான் தடவுறேன்."

"ஏன், எனக்குத் தடவத் தெரியாதா?"

"தெரியும். அதான் நான் தடவுறேங்கிறேன்." வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தாள். "கனக்குதே?"

"எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கொடி தடிமன் அக்கா."

"நாக்கும்தான்," என்று சிரித்தபடி நகாயிமா அழுத்தித் தடவினாள். கண் மட்டும் நந்தவுலாவின் முகத்தைவிட்டு நகரவில்லை.

பாத்திரத்தில் போட்டார்கள். கொடி ஒரு கணம் மேலேயே நின்றது. செபுவாத்தோவின் தோள் தளர்ந்தது. பிறகு அது ஒரு பக்கம் சாய்ந்து, பாலுக்குள் போய்விட்டது.

டம்பாவின் ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அமைச்சர் அவளருகே குனிந்தார்.

"பிரிச்சுப் பாக்கட்டுமா?"

"பாருங்களேன். ராஜா பிள்ளையோட கொடியைப் பிரிச்சா நாட்டுக்கே ஆகாது. ராஜா பிள்ளை இல்லேன்னா, அதுல உங்களுக்கு என்ன வேலை?"

அதுவரை 'நீங்க' என்று பேசியவர், "கெட்டிக்காரிதான் நீ," என்றார். "ஆனா கெட்டுப்போனவ ராஜா சமாதிக்குள்ள கால் வைக்கக் கூடாது. கொலோபா அங்கதான் இருக்கான்."

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"அவனுக்கு என்ன குடுத்தீங்க?" என்றாள்.

"காய்ச்சல்னு சொன்னேனே. ராஜா வீட்டு விஷயத்தக் கேக்க நீ யாரு இனி?"

அன்றே டம்பா அரசனானான். புது நெருப்பு ஏற்றினார்கள். செபுவாத்தோவின் இருக்கையை வெளியே தூக்கிப் போட்டார்கள். நந்தவுலாவுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. டம்பாவும் கசோலோவை ஒரு மாதிரிதான் உற்றுப் பார்த்தான்.

குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அரண்மனைக் குன்றிலிருந்து இறங்கினாள். பெண்கள் காறித் துப்பினார்கள். சமாதியின் நாணல் வேலியோரம் வந்ததும் வெளிப்புறமாகவே உட்கார்ந்து, குழந்தையை மடியில் எடுத்தாள்.

"இங்க உக்காரக் கூடாதும்மா," என்றான் காவல்காரன்.

"பிள்ளைக்குப் பசிக்குது. குடிச்சதும் போயிடுறேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்சம் கழித்து, பாவம் என்று தோன்றியதோ என்னவோ, சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவளுக்கு நாக்கு வறண்டு கிடந்தது. அவன் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்தாள். பிறகு அதை மண்ணில் கவிழ்த்தாள்.