ஒரு கரண்டி வெந்நீர்

மாப்பிள்ளைக்கும் அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு மாமனார் வந்து தங்கிய இந்த மூன்று வாரமாக, வீட்டில் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. "மாப்பிள்ளை, பேப்பர் வந்தாச்சா?", "மாப்பிள்ளை, மோட்டாரை நிறுத்தினீங்களா?" என்று விடிந்ததிலிருந்து அடையும் வரை மாப்பிள்ளைதான். கடைசியில் அவன் மனைவியே, "மாப்பிள்ளை சார், குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுங்க" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். நாளை முதல் விடுமுறை. கடைசி நாளன்று வகுப்பில் இருக்கும் முப்பத்தெட்டு வாண்டுகளுக்கும் வீட்டில் செய்த சாக்லேட் தருவதாகச் சொல்லிவிட்டாள். பெரியவர்களிடம் சொன்ன சொல்லைத் தள்ளிப் போடலாம், நான்கு வயதுப் பிள்ளைகளிடம் நடக்காது. ஒரு வாரமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம் "மிஸ், சாக்லேட்" என்றுதான் வணக்கமே சொல்கிறார்களாம்.

அதனால்தான் காலையில் கிளம்பும்போது மேடை மேல் சத்தமில்லாமல் மெல்லச் சூடேறும் மின்சாரச் சட்டியான ஸ்லோ குக்கரை வைத்து, ஒன்றரைக் கிலோ சாக்லேட்டை உடைத்துப் போட்டு, கணவனுக்குப் பாடம் எடுத்தாள்.

"பத்து மணிக்கு ஸ்விட்ச் போடுங்க. சின்ன சூட்டுல வைங்க. பன்னிரண்டுக்கு நிறுத்திட்டு, பிஸ்கட்டை நொறுக்கிக் கலந்து, பட்டர் பேப்பர்ல கரண்டி கரண்டியா வைங்க. அதுவரைக்கும் கிளறக் கூடாது. மூடி வேர்க்கும், அதான் கீழ துணி கட்டியிருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள விழுந்தாலும் எல்லாம் போச்சு."

"கார் ஓட்டவே தெரியாதவனுக்கு ஓட்டக் கத்துக்கொடுக்கறேன், எனக்குத் தெரியாதா" என்றான் மாப்பிள்ளை. டிரைவிங் ஸ்கூலில் அவனுக்கு அன்று விடுப்பு.

"அப்பா அடுப்படிப் பக்கம் வரக் கூடாது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. மாமனார் ஆஸ்பத்திரி கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். முப்பது வருஷ சர்வீஸ், இன்னும் நான்கு வருஷம் பாக்கி. ஒன்றாம் தேதி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். மகளோ, போதும், வீட்டில் இருங்கள் என்றாள். பார்வை மங்கியிருந்த நாளில் அவர் டீயில் உப்பைப் போட்டதை அவளால் மறக்க முடியவில்லை. இழுபறிக்குப் பிறகு, "இங்க இருக்கற வரைக்கும் இன்னொரு தப்பு நடக்காம இருந்தா போங்க. நடந்தா வேலைப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று முடித்தாள். சரியென்று தலையாட்டியவர், அன்றிலிருந்து வெந்நீர் வைக்கக்கூடப் பயந்தார்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை ஸ்விட்ச் போட்டான். பதினொன்றேகால் வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. அப்புறம்தான் பட்டர் பேப்பர் வாங்கவில்லை என்பது உறைத்தது. மாமனார் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். இருபது நிமிஷம்தானே என்று செருப்பை மாட்டினான்.

திரும்பி வந்தபோது மாமனார் குக்கர் முன்னால் கரண்டியோடு நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. துணி கட்டிய மூடி ஓரமாகக் கிடந்தது. உள்ளே, பளபளவென்று உருகிக்கொண்டிருந்த சாக்லேட் இப்போது மழையில் நனைந்த புற்று மண் மாதிரி கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தது.

"மாமா, என்ன ஆச்சு?"

"சத்தமே வரலையே மாப்பிள்ளை" என்றார் அவர். "அடுப்புன்னா கொஞ்சமாவது கொதிக்கற சத்தம் வேணாமா? அணைஞ்சு போச்சோன்னு திறந்தேன். கெட்டியா இருந்துச்சா, அடி பிடிச்சிடுமோன்னு ஒரே ஒரு கரண்டி வெந்நீர்... கை தானா போயிடுச்சு."

கேன்டீனில் கஞ்சி இறுகினாலும் வெந்நீர், பருப்பு இறுகினாலும் வெந்நீர். முப்பது வருஷமாக அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே மருந்து அது. ஆளைச் சொல்லிக் குற்றமில்லை.

மாப்பிள்ளை மணியைப் பார்த்தான். மூன்று மணிக்குப் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். இன்னும் ஒன்றரைக் கிலோவுக்கு எங்கே ஓடுவது? ஓடி வாங்கினாலும் உருக்கி, ஆற்றி, இறுக வைக்க நேரம் எங்கே? மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் சாக்லேட்டைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. மூன்று வாரமாக இந்த மனிதரிடம் பேப்பரையும் மோட்டாரையும் தவிர வேறெதுவும் பேசியதில்லை. ஆனாலும் அந்த ஒன்றாம் தேதி அவருக்கு எவ்வளவு பெரிது என்பது அவனுக்குத் தெரியும்.

"மாமா, நான்தான் ஊத்தினேன்னு சொல்லிக்கறேன். எனக்கு அவகிட்ட ஏற்கெனவே நல்ல பேர் கிடையாது. புதுசா கெடறதுக்கு ஒண்ணுமில்ல."

மாமனார் எழுந்தார். ஒரு ஸ்பூன் கட்டியைக் கிண்ணத்தில் எடுத்தார். "பால் சுட வைங்க" என்றார்.

"இன்னுமா ஊத்தப் போறீங்க?"

"முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு மாப்பிள்ளை? சத்து மாவுலயும் இதே கதைதான். ஒரு கை தண்ணி தெளிச்சா உருண்டு கட்டியாகும். தாராளமா ஊத்தினா கரைஞ்சு வழிவிடும்."

சூடான பாலை விட்டுத் தேய்த்தார். முதலில் கட்டி முரண்டு பிடித்தது. இன்னும் விட்டார். மூன்றாவது தடவை அது இளகி, கிண்ணம் முழுக்க வழவழவென்று பரவியது. மாப்பிள்ளை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான். இன்னொரு தடவையும் நக்கினான், அது சோதனைக்காக அல்ல.

"ஆனா இது இனிமே இறுகாது. துண்டு போட முடியாது" என்றார் மாமனார்.

"குடிக்கலாமே. பிஸ்கட்டை நொறுக்க வேணாம், முழுசா கையில கொடுத்தா தொட்டுச் சாப்பிடும் பிள்ளைங்க."

மாமனார் அவனை முதல் தடவையாக ஏற இறங்கப் பார்த்தார். "பரவாயில்ல, மாப்பிள்ளைக்கும் மூளை இருக்கு" என்றார். மூன்று வாரத்தில் அவர் கொடுத்த முதல் பாராட்டு அது என்பதால், அதிலிருந்த 'உம்'மை அவன் கண்டுகொள்ளவில்லை.

மீதிக் கட்டிக்கும் பாலை விட்டுக் கரைத்ததில், இரண்டரை மணிக்கு குக்கர் விளிம்புக்கு இரண்டு விரற்கடை விட்டு நிறைந்திருந்தது. மூடியைத் துண்டால் இறுகக் கட்டி, மாமனார் அதை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் நிறுத்தியிருந்த டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினார். அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொடுப்பவருக்கு என்று வைத்தது. மாப்பிள்ளை அதைச் சொல்ல மறந்துவிட்டான். மாமனாருக்குச் சொல்லவே தேவைப்படவில்லை. எதிரே சைக்கிள் வந்தால் மிதித்தார். நாய் வாலை ஆட்டினால் மிதித்தார். இரண்டு கிலோமீட்டர் தூரத்தைப் பதினேழு நிறுத்தங்களில் கடந்தார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

வகுப்பு வாசலில் மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள். "இது துண்டா இருக்கணுமே?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். "அது வந்து, தெரியாத்தனமா நான்..."

"நான்தாம்மா" என்றார் மாமனார். "வெந்நீரை ஊத்திட்டேன். மாப்பிள்ளை வீட்ல இல்ல. பழியைத் தான் ஏத்துக்கறேன்னார். அது எனக்குச் சரியாப் படல."

அவளைப் பேச விடவில்லை அந்த முப்பத்தெட்டு பேர். தண்ணீர் டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து நின்றார்கள். மாமனாருக்கு வரிசை என்றால் போதும், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கரண்டி இறங்கியது, ஏறியது, டம்ளரில் சாய்ந்தது. இடையில் பேச்சு வேறு. "நீ அழக் கூடாது, உனக்கும் இருக்கு." "இவன் ரெண்டாம் தடவை வர்றான், விடாதீங்க."

மகள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறட்டும் என்று மேசையில் வரிசையாக வைத்த முப்பத்தெட்டு டம்ளர். எல்லாவற்றிலும் சாக்லேட் ஒரே உயரம், கோடு போட்டது மாதிரி. மேசை விரிப்பில் ஒரு கறை இல்லை. குக்கரின் அடியில் மிச்சமிருந்தது சரியாக மூன்று பேருக்கு, அவளுக்கு, மாப்பிள்ளைக்கு, வாசல் காவலாளிக்கு.

"உங்களுக்கு?" என்றாள்.

"பரிமாறுறவன் கடைசியா கரண்டியை நக்கிக்குவான்" என்று நக்கினார்.

மீசையில் சாக்லேட்டோடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. முந்தானையால் அவர் மீசையைத் துடைத்துவிட்டாள்.

"ஒண்ணாந்தேதி காலைல எத்தனை மணிக்கு கேன்டீன்ல இருக்கணும்?"

மாமனார் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "அஞ்சரைக்கு" என்றார்.

"அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. இவர் கொண்டுபோய் விடுவார்."

"யாரு, மாப்பிள்ளையா?" மாமனார் அவனைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இதே கார்லதான் வருவேன். என் பக்கமும் பிரேக் இருக்கணும்."